அக்குளில் ஓர் ஒட்டு

கதை நடப்பது ஆயிரத்து நானூற்று எழுபதில்.
படப்பிடிப்பு முங்யோங் மலையடிவாரத்தில்,
காலை ஆறு மணிக் குளிரில்.
அரண்மனையின் முதுகு ஒட்டுப்பலகை;
முன்பக்கம் மட்டும்தான் அரசாட்சி.

என் வேலை 'இல்லை' என்பது.
சம்பளப் பட்டியலில் அதற்கு
உடை ஆலோசகர் என்று பெயர்.

முதல் நாளே ஒரு சாடியைத் திருப்பி அனுப்பினேன்.
கிம்ச்சி சிவப்பாக இருந்தது.
மிளகாய் இந்தக் கரையில் வந்திறங்க
இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்,
அதுவரை வெள்ளை முள்ளங்கிதான் என்றேன்.
கலைத்துறைப் பையன்
கப்பலுக்குக் காத்திருப்பவன் போல
வாசலைப் பார்த்தான்.

பிறகு மேற்சட்டை.
ஜொகோரி இடுப்புவரை இறங்க வேண்டும், தளர்வாக.
இயக்குநர் தக் மன்சிக் தன் மார்புக்குக் கீழே
விரலால் ஒரு கோடு கிழித்தார்:
"இங்கே முடியட்டும். ஜனங்களுக்குத் தெரிந்தது இதுதான்."
அந்த வெட்டு வந்ததே
முந்நூறு வருஷம் கழித்து என்றேன்.
"அப்போ நம் ஜனங்கள் முன்னோடிகள்" என்றார்.

பேரம் படிந்தது.
ராணிக்கு மட்டும் நீளம்,
பணிப்பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் குட்டை.
ஒரே அறைக்குள் நின்றபடி
பதினெட்டாம் நூற்றாண்டு
பதினைந்தாம் நூற்றாண்டுக்குத்
தேநீர் ஊற்றியது.

ராணியாக நாம்குங் சோயே.
அளவு பார்க்கையில் கையைத் தூக்கியவள் கேட்டாள்:
"அரசிக்கு அக்குளில் எதற்கு ஒட்டு?"

சொன்னேன்.
குடியிருப்புக்காக மண்ணை வெட்டியபோது
சுண்ணாம்பு இறுகிய ஒரு கல்லறை.
உள்ளே, பெயர் அழிந்த பெண்ணொருத்தி.
நாங்கள் ஐந்து பேர்
முகமூடியோடு, மூச்சை எண்ணி,
ஒவ்வொரு மடிப்பாகக் கழற்றினோம்.
போர்த்தியிருந்த பட்டு பெரிய வீட்டுப் பட்டு.
எல்லாவற்றுக்கும் அடியில் பருத்திச் சட்டை,
வலது அக்குளில் வேறு துணியில்
நான்கு விரற்கடை ஒட்டு.
தையல் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.
இடது கைக்காரி.
அவளே தைத்திருக்க வேண்டும்.
வேலைக்காரிகள் நிறைந்த வீட்டில்
ஏன் அவளே, என்று
எந்த ஏட்டிலும் இல்லை.

இதுவரை நான் 'சரி' என்று சொன்ன எல்லாமே
இறந்தவர் மேலிருந்து கழற்றியவை.
ராணிக்குப் பருத்தி கொடுக்கவில்லை.
ஒட்டை மட்டும் கொடுத்தேன்,
இடது கையால், மூன்று இரவு பழகி.

சோயே ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிலிருந்து வலது முழங்கையை
விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள்,
நடக்கும்போது, தீர்ப்பு கேட்கும்போது,
நஞ்சுக் கிண்ணத்தை வாங்கும்போதும்.
"கை ஏன் இப்படி விறைக்கிறது?" என்று
ஒலிபெருக்கியில் தக் கத்தினார்.
படத்தொகுப்பில் பார்த்துவிட்டு
"துக்கம் நன்றாக வந்திருக்கிறது" என்றார்.

ஒளிபரப்பான வாரம் நாற்பத்தொரு புகார்க் கடிதங்கள்.
கொண்டை ஊசி பிந்திய காலத்தது. உண்மை.
ஐந்தாம் பகுதியில், சமையலறை மூலையில்,
ஒரு கிண்ணம் சிவப்பு.
அது படக்குழுவின் மதியச் சாப்பாடு.
படைவீரன் தோளில் தடுப்பூசித் தழும்பு.
பல்லைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை;
பிச்சைக்காரன் வரை
எல்லாருக்கும் முப்பத்திரண்டும் வெள்ளை.

இரும்புப் பெட்டியில், எண் இருநூற்றுப் பதினேழாக,
சட்டை கிடங்குக்குப் போனது.
சித்திரையில் வேறு தொடருக்கு எடுத்தார்கள்.
அந்தக் கதை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில்.
கீழ்விளிம்பில் ஒரு சாண் வெட்டச் சொல்லி
என்னிடமே வந்தது.

அந்தக் காலத்துக்கு அதுதான் சரி.
வெட்டினேன்.
கத்தரி அக்குள் வரை ஏறவில்லை.